வீட்டுப்பெட்டி

மரநாய் குடியிருக்கும் இடத்தில் சீரகச் சம்பா கொதிக்கிற வாசனை வரும். இதை நம்பாதவர்கள் தேரிக்கரை விமானக் கொட்டகைக்குள் வந்து ஒருமுறை மூச்சை இழுத்துப் பார்த்தால் போதும். எண்ணெய், ரப்பர், பெயின்ட் என்று ஆயிரம் வாடை இருந்தாலும், அத்தனைக்கும் அடியில், பக்கத்து வீட்டில் யாரோ உலை வைத்திருப்பதைப் போல அந்த மணம் மெல்ல எழுந்துகொண்டே இருக்கும். பழுதுக்கு வந்த விமானங்களின் நடுவே நின்று வேலை செய்கிறவர்களுக்கு நேரம் காலம் இல்லாமல் பசிக்கும்.

ஜெசிந்தாவுக்கு அந்த வாசனை பிடிக்கும். ஆனால் பிடிக்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடியாது. ‘இந்த விமானம் பறக்கலாம்’ என்று கையெழுத்துப் போடுகிற பொறியாளர் அவள்தான். மரநாயின் மூத்திரம் அலுமினியத்தை அரிக்கும். அணில் வயரைக் கடிக்கும். கூகை இறக்கைமேல் எச்சமிட்டு வைக்கும். “வயித்துக்குள்ள உயிர் இருக்கிற விமானத்துக்குக் கையெழுத்து கிடையாது” என்று அவள் சொன்னால் சொன்னதுதான். மேலாளர் குற்றாலிங்கம் தலைகீழாக நின்றாலும் பேனாவைத் திறக்கமாட்டாள்.

குற்றாலிங்கமும் பாவம், செய்யாத வைத்தியம் இல்லை. வலை கட்டினார். வெடி போட்டார். ஒரு நாயைக் கொண்டுவந்து விட்டார். அது சூசம்மாளின் கேண்டீன் வாசலில் படுத்துக்கொண்டு உள்ளே வரவே மறுத்துவிட்டது. கடைசியில் கூண்டு வைத்தார்கள். கூண்டில் விழுந்த மரநாய்களை வேனில் ஏற்றி மேற்கு மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது இசக்கிமுத்துவின் பொறுப்பு. அவன் மெக்கானிக். ஒரு போல்ட்டை இறுக்கி முடித்ததும் அதன்மேல் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு இழுப்பது கொட்டகை வழக்கம். பிறகு எப்போதாவது போல்ட் தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். இசக்கிமுத்து அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு மரநாயின் வால் நுனியிலும் ஒரு சொட்டு மஞ்சள் வைத்தே அனுப்பினான்.

“என்னல, மரநாயிக்கும் செக்கிங்கா?” என்று கேட்டார் குற்றாலிங்கம்.

“முடிச்ச வேலைக்கு அடையாளம் வேண்டாமா சார்? திரும்பி வந்தா தெரிஞ்சிரும்லா.”

“மலையிலேர்ந்து இங்க வர்றதுக்கு அது என்ன பஸ் பாஸா வச்சிருக்கு?”

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை ஜெசிந்தா பின்னால் வெகுநாள் நினைத்துக்கொண்டாள்.

*

பெட்டியைக் கொண்டுவந்தவன் சம்பத். பொள்ளாச்சிக்காரன், விலங்கு விரட்டும் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனியின் ஆள். நான்கு சாம்பல் நிறப் பெட்டிகளைக் கொட்டகையின் நான்கு சுவர்களிலும் உயரத்தில் மாட்டினான். சத்தம் கிடையாது, வெளிச்சம் கிடையாது, மருந்து கிடையாது.

“இது எப்படித் துரத்தும்?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“துரத்தாதுங்க மேடம். கூப்புடும்.” சம்பத் ஏணியில் உட்கார்ந்தபடியே சொன்னான். “புறாவைக் கொண்டுபோயி எங்க விட்டாலும் கூட்டுக்கு வந்துருதுங்களே? எல்லா உசுருக்கும் மண்டைக்குள்ள ஒரு முள்ளு இருக்குதுங்க. அது பொறந்த எடத்தையே பாத்துட்டு இருக்கும். பொதுவா தூங்கிட்டுத்தான் இருக்கும். இந்தப் பொட்டி அதை லேசா தட்டி எழுப்பும், அவ்வளவுதானுங்க. காட்டுல பொறந்தது காட்டுக்குப் போகும். பனையில பொறந்தது பனைக்குப் போகும்.”

“மனுஷனுக்கு?”

சம்பத் ஸ்குரூவைத் திருகுவதில் கவனமாக இருந்தான். “மனுசனுக்கும் முள்ளு இருக்குதுங்க. மிருகத்துக்கு இது மலை வரைக்கும் எட்டும், மனுசனுக்குக் கிட்ட நின்னாத்தான். கொஞ்சம் ஊர் நெனப்பு வரும். அதனால யாரும் செத்துப்போக மாட்டாங்க.”

முதல் வாரம் அதிசயமாகத்தான் இருந்தது. கூகைகள் பகலிலேயே எழுந்து, வெயிலில் கண் கூச, பனங்காட்டைப் பார்த்துப் பறந்தன. அணில்கள் வரிசை பிடித்து வெளியேறின. குற்றாலிங்கம் எல்லாருக்கும் அல்வா வாங்கிக் கொடுத்தார்.

அதற்கடுத்த வாரம் ஷிபு போனான். திருச்சூர்க்காரன், எஞ்சின் வேலையில் கெட்டி. தேநீர் இடைவேளையில் கையில் பிடித்திருந்த ஸ்பேனரோடு எழுந்து நடந்தவன்தான், மறுநாள் அவன் மனைவி போன் செய்து, “இவிடெ எத்தி. உறங்குன்னு” என்றாள்; வீடு வந்து சேர்ந்துவிட்டான், தூங்குகிறான் என்று அர்த்தம். வடக்கேயிருந்து வந்த பெயின்டர்கள் வேலைக்கு நடுவே தூரிகையை வைத்துவிட்டு வடக்குப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்கள். இசக்கிமுத்துவின் பாடு இன்னும் மோசம். கோவில்பட்டியில் அவன் பிறந்த வீட்டை அண்ணன் எப்போதோ விற்றுவிட்டான். இசக்கிமுத்து போய் அந்த வீட்டு வாசலில் நின்றிருக்கிறான். வாங்கியவர்கள் நல்லவர்கள், உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்தார்கள். அடுத்த வாரமும் போனான். அதற்கடுத்த வாரம் அவர்கள் கதவைத் திறக்கவில்லை.

“பொட்டிய அணைச்சாலும் போக மாட்டேங்கு மேடம்” என்றான் அவன் ஜெசிந்தாவிடம். “நெஞ்சுக்குள்ள யாரோ கயிறு கட்டி இழுத்த மாதிரியே இருக்கு. அந்த வீட்டுல எனக்கு என்ன இருக்குன்னு கேக்கீங்க? ஒண்ணுமில்ல. அது எனக்கே தெரியுது. கயித்துக்குத் தெரியலையே.”

சம்பத்திடம் கேட்டபோது, “ஒருதரம் முழிச்ச முள்ளு லேசுல தூங்காதுங்க” என்று ஒப்புக்கொண்டான்.

*

திங்கள்கிழமைதோறும் சம்பத் எல்லாரையும் சோதிப்பான். வேலை செய்கிற இடத்திலேயே நின்று, கண்ணை மூடி, கையைத் தொங்கவிட வேண்டும். பெட்டியைக் கொஞ்சம் கூட்டுவான். கை தானாக மேலே எழும். நீரில் மிதக்கிற கட்டை திரும்புவதைப் போல மெதுவாகத் திரும்பி ஒரு திசையில் நிற்கும். சம்பத் போனிலுள்ள திசைகாட்டியை அந்தக் கையோடு ஒட்டிப் பிடித்துத் திசையைக் குறித்துக்கொள்வான். இசக்கிமுத்து எங்கே நின்றாலும் கை கோவில்பட்டியைக் காட்டும். பெயின்டர்கள் எங்கே நின்றாலும் வடக்கு. யார் கை எத்தனை வேகமாக எழுகிறதோ அவ்வளவு பாதிப்பு.

ஜெசிந்தாவின் கையும் எழுந்தது. ஆனால் ஒரு வாரம் தெற்கே காட்டியது. ஒரு வாரம் கிழக்கே. அடுத்த வாரம் தெற்குக்கும் கிழக்குக்கும் நடுவில்.

“உங்க முள்ளு நெலையில்லாம சுத்துதுங்க மேடம்” என்றான் சம்பத். அவன் குரலில் மரியாதை கூடியிருந்தது. “இப்புடி ஒருத்தரை நான் பாத்ததே இல்லீங்க. பொட்டி உங்களை ஒண்ணும் பண்ணாது. ஆமா, உங்க ஊரு எது?”

“எனக்கு ஊர் இல்ல சம்பத்.”

அவள் அதை வருத்தத்தோடு சொல்லவில்லை. பாளையங்கோட்டையில் கன்னியாஸ்திரிகள் நடத்திய விடுதியில் வளர்ந்தவள். எந்த ஊர் என்று கேட்டபோதெல்லாம் சிஸ்டர்கள், “நீ புயல்ல வந்த பிள்ளை” என்று மட்டும் சொல்வார்கள். சின்ன வயதில் அவள் அதை அப்படியே நம்பினாள். காற்று தன்னைத் தூக்கிவந்து விடுதி முற்றத்தில் இறக்கிவிட்டது என்று நினைத்தாள். கனவும் அதற்கு ஏற்றாற்போலத்தான் வந்தது. தலைக்கு மேலே ஒரு பெரிய வெள்ளை மீன். அதன் வயிறு மட்டும் தெரியும். மீன் ஆடுகிறதா தான் ஆடுகிறோமா என்று தெரியாத ஓர் ஆட்டம். இப்போதும் அந்தக் கனவு வரும். வந்த நாள் முழுக்க மனம் இதமாக இருக்கும். வேறு எந்த இடத்திலும் அவள் ஓர் ஆண்டுக்கு மேல் வேலை பார்த்ததில்லை. தேரிக்கரைக்கு ஒரு விமானத்தைச் சோதிக்கத்தான் வந்தாள். வந்த வேலை முடிந்தும் போகத் தோன்றவில்லை. தென்கிழக்கு மூலையில் ஒரு பழைய இரும்புத் தூண் உண்டு; மதியச் சாப்பாட்டை அதன் அடியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். அங்கே காற்று வரும் என்று காரணம் சொல்வாள். அங்கே காற்றே வராது.

சம்பத்தின் கம்பெனி அவளைக் கொத்திக்கொள்ளப் பார்த்தது. நாக்பூரில் பெரிய கொட்டகை ஒன்று. பெட்டிகள் முழு வேகத்தில் ஓடும்போதே உள்ளே நின்று வேலை பார்க்க ஆள் வேண்டும். ஊர் நினைப்பே வராத ஒரு பொறியாளர் அவர்களுக்குத் தங்கம்.

“உங்களை மாதிரி ஆளுக இனிமே தேடினாலும் கெடைக்காதுங்க” என்றான் சம்பத்.

தன்னிடம் இல்லாத ஒன்றுக்காக ஒருவர் தன்னைப் பாராட்டுவதைக் கேட்பது விநோதமாக இருந்தது. சரி என்று சொல்லிவிட்டாள். சொன்ன பிறகு கைகழுவப் போய், குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

*

இத்தனைக்கும் பிறகும் ஒரு மரநாய் மட்டும் போகவில்லை. தென்கிழக்கு மூலையில் நின்றிருந்த ஆம்புலன்ஸ் விமானத்தின் வால் பகுதிக்குள் குட்டி போட்டுவிட்டது. திங்கட்கிழமை அந்த விமானம் ஒரு நோயாளியை ஏற்றிக்கொண்டு பறந்தாக வேண்டும். பெட்டியைக் கூட்டினார்கள். தாய் நகரவில்லை. போதாததற்கு, மரநாய் வாசனை நாளுக்கு நாள் அதிகமானது.

கூண்டில் பிடித்து, கழுத்தில் கருவி மாட்டி, அதன் முள் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சோதித்தான் சம்பத். “இதுவும் உங்களை மாதிரித்தானுங்க மேடம். கூண்டை ஒவ்வொரு எடத்துல வெச்சா ஒவ்வொரு தெசை காட்டுது. ஊரில்லாத மரநாய்.” குட்டிகள் கைக்கெட்டாத ஆழத்தில் கிடந்ததால் தாயைத் திரும்ப உள்ளேயே விட வேண்டியிருந்தது.

குற்றாலிங்கத்துக்குப் பொறுமை போய்விட்டது. “ஞாயித்துக்கிழம எல்லாரும் வெளிய இருப்போம். பொட்டிய முழுசா முறுக்கி விட்ருவோம். மேடம் மட்டும் உள்ள நின்னு பாக்கட்டும், அவுகளுக்குத்தான் ஒண்ணும் ஆவாதே. அப்பவும் அது போவலன்னா விசத்த வச்சிர வேண்டியதுதான். வேற வழி கிடையாது. அங்க ஒரு உசுரு ஆஸ்பத்திரிக்குப் போறதுக்குக் காத்துக் கெடக்கு.”

விஷம் என்றதும் ஜெசிந்தா ஆம்புலன்ஸ் விமானத்தின் வாலைத் திரும்பிப் பார்த்தாள். ஆனாலும் அவர் சொன்னதில் தப்பு இல்லை.

*

ஞாயிற்றுக்கிழமை நடுப்பகல். பெரிய கதவைச் சாத்தினார்கள். கூரைத் தகட்டின் ஓட்டைகள் வழியே வெயில் காசு காசாகத் தரையில் விழுந்தது. சம்பத் வெளியிலிருந்து பெட்டியை முழுக்கக் கூட்டினான்.

சத்தம் ஒன்றும் இல்லை. விமானங்கள் ஒரு மூச்சு விட்டதைப் போல இருந்தது. ஜெசிந்தாவின் வலது கை எழுந்தது. அவள் எழுப்பவில்லை. தெற்கே காட்டியது. ஒரு பத்தடி நடந்தாள். கை கொஞ்சம் திரும்பியது. இன்னும் நடந்தாள், இன்னும் திரும்பியது. சூரியகாந்தி திரும்புவதைப் போலத் திரும்புகிறது என்று தோன்றியது. சூரியகாந்தி சும்மா திரும்பாது, அதற்கு ஒரு சூரியன் வேண்டும் என்றும் உடனே தோன்றியது.

நின்றாள்.

எஞ்சின் வாயை மூடி வைக்கும் உறைகளில் கட்டும் சிவப்பு நாடாக்கள் பக்கத்துக் கூடை நிறைய இருந்தன. ஒரு நாடாவை எடுத்து, நின்ற இடத்திலிருந்து கை காட்டிய திக்கில் தரையில் நீட்டிப் போட்டாள். வேறோர் இடத்துக்குப் போய் இன்னொன்று. மேற்குச் சுவரோரம் ஒன்று. கதவருகே ஒன்று. கனவில் நடப்பவளைப் போல நடந்து நடந்து போட்டாள். கடைசியில் ஏணியில் ஏறிக் கீழே பார்த்தாள்.

நாடாக்கள் எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்துக் கிடந்தன. ஆம்புலன்ஸ் விமானத்தைத் தாண்டி, அதற்குப் பின்னாலிருந்த இரும்புத் தூணை.

தூரத்து ஊர் என்றால் எங்கே நின்றாலும் திசை ஒன்றுதான். ஊர் காலடியில் இருந்தால்தான் நகர நகரத் திசை மாறும். சம்பத் இத்தனை வாரமும் திசையைக் குறித்துக்கொண்டான். அவள் எங்கே நின்றாள் என்பதைக் குறிக்கவில்லை.

அப்போதுதான் கதவின் கீழ் இடுக்கு வழியாக அவை வந்தன. பகலில் வெளியே வராத ஜீவன்கள், கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, தூக்கத்தில் நடப்பவை போல ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பாதங்கள் வெயில் காசுகளை மிதித்து மிதித்துக் கடந்தன. ஒவ்வொரு வாலின் நுனியிலும் மஞ்சள். மலையடிவாரத்தில் விட்டுவந்த மரநாய்கள். இந்தக் கொட்டகையிலேயே பிறந்தவை. அவளுடைய காலை உரசிக்கொண்டு போய், தூணைச் சுற்றி அமர்ந்தன. கொட்டகை முழுக்கச் சோறு கொதித்தது.

இத்தனை நாளும் பெட்டியைக் கூட்டக் கூட்ட, தாங்களே அவற்றைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜெசிந்தா இறங்கி ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். “சம்பத்! அணைங்க! நாலு பெட்டியையும் அணைங்க! சார், டிராக்டரைக் கொண்டுவரச் சொல்லுங்க.”

“டிராக்டரா? எதுக்கு?” குற்றாலிங்கம் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மஞ்சள் வால்களைக் கண்டார்.

“அதுக்கு விமானம் வேண்டாம் சார். அந்த மூலைதான் வேணும். விமானம் குறுக்க நிக்குது. மரநாய நகர்த்த முடியாது, விமானத்த நகர்த்தலாம்ல?”

டிராக்டர் ஆம்புலன்ஸ் விமானத்தை மெல்ல இழுத்து நடுக்கொட்டகையில் நிறுத்தியது. வால் பகுதியின் மூடியைக் கழற்றி வைத்துவிட்டு எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். வெயில் சாயும் வேளையில் தாய் இறங்கியது. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு தூணுக்குப் போனது. திரும்பி வந்தது. இன்னொன்று. இசக்கிமுத்து மூச்சுக்கூட விடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.

“போயிட்டாளே மேடம்” என்றான் கடைசிக் குட்டியும் போனதும். அவன் கண் கலங்கியிருந்தது. “அவ வீட்டுக் கதவ யாரும் சாத்தல பாருங்க.”

வால் பகுதியைக் கழுவி, ஒவ்வொரு வயராகத் தொட்டுப் பார்த்து, ஜெசிந்தா கையெழுத்துப் போட்டாள். மூலையைக் கம்பிவலை அடித்து மரநாய்களுக்கே விட்டுவிடுவது என்று முடிவானது. குற்றாலிங்கம் பெட்டிகளைக் கழற்றச் சொன்னார். ஷிபுவுக்குப் போன் போட்டு, “ஏ, பொட்டிய எடுத்தாச்சுப்பா, தூங்கினது போதும், வந்து சேரு” என்று கெஞ்சினார்.

*

சூசம்மாள் தேநீர் கொண்டுவந்தாள். மூலையைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். “அந்த எடத்துக்கு அப்படி ஒரு ராசி. எப்பவும் அங்கனதான் பிள்ள பொறக்கும்.”

“என்ன சித்தி சொல்லுதீங்க?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

“பெரிய புயல் அடிச்சதுல்லா, நான் சமைஞ்ச புதுசு. கடக்கரைச் சனம் பூராவும் இந்தக் கொட்டகையிலதான் கெடந்தோம். இங்க அப்ப மருந்து தெளிக்கிற விமானம் ஒண்ணு நிக்கும், ஓடாம. அந்தத் தூண்லயும் விமானத்துலயுமாச் சேலையக் கட்டி மறைச்சிட்டாக. ஒருத்திக்கு அங்கன வச்சித்தான் பிள்ள பொறந்துச்சி. பொட்டப்பிள்ள. எறக்கையிலயே தொட்டில் கட்டிப் போட்டோம். நாங்கூட ஆட்டிருக்கேன். வெள்ளையா, தலைக்கு மேல பெரிய மீன் நிக்கிற மாதிரி இருக்கும்.”

தேநீர் கிளாஸ் ஜெசிந்தாவின் விரல்களைச் சுட்டது. அவள் கீழே வைக்கவில்லை. “அப்புறம்?”

“அப்புறம் என்ன? பெத்தவளுக்குக் காய்ச்சல் கண்டு போய்ச் சேந்துட்டா, மகராசி. யாரு எவருன்னு கேக்கக்கூட ஆளில்ல. பிள்ளைய சிஸ்டர்மாரு வந்து கூட்டிட்டுப் போனாக. ஏன் தாயி கேக்க?”

“சும்மாதான் சித்தி.” ஒரு மிடறு குடித்துவிட்டு, “அந்தப் பிள்ள நிறைய அழுதுச்சா?” என்று கேட்டாள்.

“அழுகையா? தொட்டில நிப்பாட்டினாத்தான் அழும்.”

*

ஒப்புக்கொண்ட பேச்சை மீறக்கூடாது என்று ஜெசிந்தா நாக்பூருக்குப் போனாள். கொட்டகை பளபளவென்று இருந்தது. வாசனையே இல்லை. வேலைக்கு எடுப்பதற்கு முன்னால் ஒரே ஒரு சோதனைதான். அதைச் செய்ய சம்பத்தே வந்திருந்தான்.

கண்ணை மூடினாள். கை எழுந்தது; சட்டென்று, தயக்கமே இல்லாமல்.

“தெக்குங்க” என்றான் சம்பத். குரலில் ஒரு தடுமாற்றம். “இந்தப் பக்கம் வந்து நில்லுங்க மேடம்.”

நின்றாள்.

“மறுபடியும் தெக்கு.” அந்த நீளமான கொட்டகையின் மறுகோடிக்கு அழைத்துப் போனான். “இங்கயும் தெக்குத்தான். துளிகூட மாறலீங்களே.” அவன் போனைத் தட்டிப் பார்த்தான். பெருமூச்சு விட்டான். “மன்னிச்சுக்கோங்க மேடம். நீங்க பெயில்.”

ஜெசிந்தா கையை இறக்கவும் இல்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை.

“இன்னொரு தடவ பாருங்க, சம்பத்” என்றாள்.